கமலநாயகி அக்கா வைன் போட்ட கதை

எண்பத்தேழாம் ஆண்டளவில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் இரண்டு காரியங்களில் கமலநாயகியை மிஞ்ச ஆளில்லை. ஒன்று குடிகாரரை ஏசுவது. மற்றது அப்பம் சுடுவது. முதலாவதுக்குப் பயந்து ஓடிய ஆண்கள்கூட இரண்டாவதுக்காகத் திரும்பி வந்தார்கள்.

வின்சன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நகரமான எசனில் இருந்தவன். அகதி விண்ணப்பம் போட்டவர் தமது நகரத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற கடதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே ஞாயிறு தோறும் ரயிலேறி வருவான். ஒருமுறை இரண்டு பியர் போத்தலைக் கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தான். கோட்டைக் கொழுவ வாங்கிய கமலநாயகிக்கு அதன் பாரமே காட்டிக் கொடுத்துவிட்டது. போத்தல்களைத் திறந்து, அவனையே பக்கத்தில் நிற்க வைத்து, சமையலறைத் தொட்டிக்குள் ஊற்றினாள். நுரை அடங்கும்வரை அவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"இனி இந்த வீட்டிலை கள்ளு, சாராயம், பியர், வைன் எண்டு ஒரு மணம் வரப்படாது. விளங்கிச்சோ?"

"ஓம் அக்கா."

"விளங்கினால் போய் இரு. அப்பம் ஆறுது."

அந்த அப்பம் அப்படிப்பட்டது. கரை முறுகி, தொட்டால் நொறுங்கும். நடு மெத்தென்று சின்னச் சின்னக் கண் விட்டு, தேங்காய்ப்பாலில் ஊறியிருக்கும். யாழ்ப்பாணத்தில் அப்ப மாவுக்குக் கொஞ்சம் கள்ளு விட்டுத்தான் புளிக்க வைப்பார்கள். குடியையே வெறுக்கிற வீட்டிலும் அப்பத்துக்கு மட்டும் ஒரு சிரட்டை கள்ளு வாங்குவார்கள், அது குடியில் சேர்த்தியில்லை. ஜெர்மனியில் கள்ளுக்கு எங்கே போவது? மற்றப் பெண்கள் பேக்கரிக்காரர் பாண் சுடுகிற ஈஸ்ற்றைப் போட்டுப் பார்த்தார்கள், அப்பம் பாண் மணத்தது. அப்பச்சோடா போட்டார்கள், சவர்க்காரம் மணத்தது. கமலநாயகியின் அப்பம் மட்டும் அப்பமாகவே இருந்தது.

"அக்கா, மாவுக்கு என்ன போடுறியள்?" என்று பக்கத்துத் தெருப் புஷ்பமலர் கேட்காத ஞாயிறு இல்லை.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. அரிசிமா, தேங்காய்ப்பால், உப்பு, சீனி. மிச்சமெல்லாம் கைராசி."

கைராசி என்று சொல்லும்போது தன் வலது கையைத் தானே ஒருதரம் பார்த்துக்கொள்வாள். பச்சைப் பொய்.

ஏன் பொய் சொன்னாள் என்று கேட்டால், அவளுடைய கிழமையைப் பார்க்க வேண்டும். அவளுக்கும் கணவர் உருத்திரமூர்த்திக்கும் வேலை செய்ய அனுமதி இல்லை. திங்கள் முதல் சனி வரை தெருவுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஓடுகிற தொங்குரயில் போவதை ஜன்னலால் பார்ப்பார்கள், பிறகு அது திரும்பி வருவதைப் பார்ப்பார்கள். ஞாயிறு மட்டும் படிக்கட்டு முழுக்கச் சப்பாத்து. உள்ளே சிரிப்பு, சண்டை, அரசியல், "அக்கா, எனக்கு இன்னொண்டு." கைராசி என்றால் அப்பத்துக்கு அவள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். கடையில் வாங்குகிற சாமான் என்றால் அவரவர் தங்கள் வீட்டிலேயே சுட்டுச் சாப்பிட்டுவிடுவார்கள். பிறகு ஞாயிறும் அவளுக்கு இன்னொரு திங்கள்தான். கமலநாயகி பயந்தது இதற்குத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை.

கடையில் வாங்குகிற சாமான்தான் அது. அவள் அதைக் கண்டுபிடித்த விதமும் அவளுடைய குணத்தால் வந்ததுதான்.

ஒருநாள் வீட்டுப் படிக்கட்டில் கள்ளுமுட்டி வாசம் அடித்தது. முதல் சந்தேகம் வழக்கம்போலக் கணவர் மேல்.

"இஞ்சேருங்கோ, வாயை ஊதுங்கோ."

உருத்திரமூர்த்தி, பாவம், ஊதினார். வெங்காயம் மணத்தது. பிறகு அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசத்தைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினாள். நிலவறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கீழ்வீட்டு ஃப்ராவ் டோர்னமன், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற, நரைத்த மரியாதையான மனுசி, ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். குடுவைக்குள் ஏதோ பழச்சாறு நுரைத்தது. வாயில் செருகியிருந்த வளைந்த குழாய் "புளுக், புளுக்" என்றது. மனுசி வீட்டில் வைன் போடுகிறாள்!

ஏசப் போனவளுக்கு ஏசுகிற அளவுக்கு ஜெர்மன் தெரியாது. தெரிந்ததெல்லாம் நன்றி, தயவுசெய்து, தவணைக்குத் தெர்மின், விண்ணப்பத்துக்கு அன்ராக். அலுவலகத்துக்கு உதவும், சண்டைக்கு உதவாது. வாயைத் திறந்தபடி நின்றபோதுதான் மூக்கு வேலை செய்தது: ஊரில் அப்ப மாவுக்கு விடுகிற கள்ளின் அதே மணம். ஒரே ஓட்டமாக மேலே ஓடினாள். கரைத்து வைத்திருந்த அப்ப மாவைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து மனுசியின் முன்னால் நீட்டினாள். ஃப்ராவ் டோர்னமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நல்ல மனுசி, இன்னொரு குடுவையின் அடியில் நுரைத்துக் கிடந்த வண்டலில் ஒரு கரண்டி எடுத்துச் சட்டிக்குள் விட்டாள்.

மறுநாள் காலை சமையலறையிலிருந்து உருத்திரமூர்த்தி கத்தினார். "கமலா! மா மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியாலை வருது!"

"வரட்டும். ஒருத்தருக்கும் சொல்லப்படாது."

"ஆரும் கேட்டால்?"

"தலையிடி எண்டு போய்ப் படுங்கோ."

உருத்திரமூர்த்திக்குப் பொய் வராது. அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது. எனவே அன்றிலிருந்து யாராவது அப்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்ப் படுத்துவிடுவார். மனுசனுக்கு ஞாயிறு தோறும் தலையிடி வருகிறதே என்று சனங்கள் கவலைப்பட்டார்கள். புஷ்பமலர் நெற்றியில் பூசச் சித்தாலேபம்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த வண்டலில் இருந்த வைன் ஈஸ்ற் வந்த இடம் ஓஸ்டர்காம்ப் என்ற கிழவரின் கடை. பொழுதுபோக்குக்கு வீட்டில் வைன் போடுகிறவர்களுக்கு வேண்டிய குடுவை, குழாய், தக்கை எல்லாம் அங்கே இருக்கும். பின்னறையில் அவர் வருடக் கணக்காகச் சீனித்தண்ணீர் ஊட்டி வளர்த்துவந்த உயிருள்ள ஈஸ்ற்றைச் சின்னப் போத்தலில் ஊற்றித் தருவார். சனிக்கிழமைகளில் கடைக்குள் ஒரு மேசையைச் சுற்றி அவருடைய வாடிக்கைக்காரர் கூடுவார்கள்: ஃப்ராவ் டோர்னமன், தொங்குரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஹெர் குளூட், ஒரு பல்வைத்தியர். கமலநாயகி தமிழர் கண்ணில் படாமல் இருக்க முகத்தை மறைத்துச் சால்வை சுற்றிக்கொண்டு அங்கே போவாள். அந்தத் தெருவிலேயே சேலை கட்டியவள் தான் ஒருத்திதான் என்பதை அவள் யோசிக்கவில்லை.

நீ எதில் வைன் போடுகிறாய் என்று குளூட் ஒருநாள் கேட்டார்.

"அரிசி," என்றாள் கமலநாயகி. கொஞ்சம் யோசித்து, "தேங்காய்," என்றாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பெரிய மரியாதையோடு தலையாட்டினார்கள். திருத்திச் சொல்ல அவளிடம் ஜெர்மன் இல்லை. இருந்திருந்தாலும் அதற்குச் செலவழித்திருக்க மாட்டாள். கதிரை தந்தார்கள், கோப்பி தந்தார்கள், அன்ராக் என்னாச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

அந்த வசந்தத்தில்தான் இடி விழுந்தது. முழங்கால் ஏலாமல் போய்விட்டது, கடையை விற்றுவிட்டேன் என்று ஓஸ்டர்காம்ப் சொன்னார். வாங்கியது ஒரு பெரிய கொம்பனி, இந்த மாதிரிக் கடைகளையெல்லாம் ஊர் ஊராக வளைத்துப் போடுகிற கொம்பனி. இனிப் பிளாஸ்டிக் வாளியும் பக்கற்றில் அடைத்த காய்ந்த ஈஸ்ற்றும்தான். உயிருள்ளதை அவர்கள் விற்பதில்லையாம். பின்னறையில் இருப்பதை ஊற்றிவிடச் சொல்லிவிட்டார்களாம்.

குளூட் எழுந்து தொப்பியைக் கழற்றினார். பல்வைத்தியர் அழுதே விட்டார். போர்க்காலத்தில்கூட இப்படியொரு அநியாயம் நடக்கவில்லை என்றாள் ஃப்ராவ் டோர்னமன். கொம்பனியிடம் இனி ஒரு தக்கைகூட வாங்குவதில்லை என்று நான்கு பேரும் ஒரு குடுவையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். கமலநாயகிக்குச் சத்தியம் எதைப் பற்றியது என்று தெளிவாக விளங்கவில்லை. ஆனாலும் எல்லோரையும் விட அழுத்திக் கை வைத்தாள்.

திங்கட்கிழமை கடை திறக்க முன்பே நான்கு பேரும் வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். பகிஷ்கரிப்புத் தொடங்க முதல் இருக்கிறதையெல்லாம் வாங்கிவிட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. குளூட் தள்ளுவண்டியே கொண்டு வந்திருந்தார். மற்றவர்கள் வந்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் வந்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஈஸ்ற் இருந்த பின்னறை காலி. கொம்பனியின் பக்கற்றுத்தான் கிடந்தது.

அந்தப் பக்கற்றைப் போட்டு அடுத்த ஞாயிறு சுட்ட அப்பத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது. ஆனால் வின்சன்ற் விடவில்லை. ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தான்.

"அக்கா, இதிலை ரெண்டு தாங்கோ. என்ரை சப்பாத்துக்கு அடி தேஞ்சுபோச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். உருத்திரமூர்த்தி படுக்கப் போனார். வழக்கத்தை விடச் சீக்கிரமாகச் சப்பாத்துகள் படிக்கட்டை விட்டுப் போய்விட்டன.

சனிக்கிழமை கடை வாசலில் ஆர்ப்பாட்டம் என்று ஃப்ராவ் டோர்னமன் சொன்னபோது அவள் இரண்டாம் பேச்சுப் பேசவில்லை. எல்லோரும் கறுப்பு உடுத்து வந்தார்கள். குளூட் நுரைக்கும் வைன் போத்தல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கத் திறந்து இராணுவ மரியாதை செலுத்தினார். பல்வைத்தியரின் உரை முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் தலைக்கு மேலே தொங்குரயில் போனது. மூக்குச் சிந்த வேண்டும், இதைக் கொஞ்சம் பிடி என்று ஃப்ராவ் டோர்னமன் தன் சுலோக அட்டையைக் கமலநாயகியின் கையில் கொடுத்தாள். அதே நேரம் குளூட்டின் தக்கை ஒன்று பறந்து வந்து கமலநாயகியின் மூக்கில் பட்டது. கண்ணால் தண்ணீர் ஓடியது. பத்திரிகைக்காரன் படம் பிடித்தான்.

கொம்பனி ஆளுக்கொரு தக்கை திறக்கிற திருகியை அன்பளிப்பாக அனுப்பி, இத்துடன் விஷயம் முடிந்தது என்றது. ஆனால் ஓஸ்டர்காம்ப் கிழவர் தாம் வளர்த்ததை ஊற்ற மனம் வராமல் ஒரு போத்தலை வீட்டுக்குக் கடத்திக்கொண்டு போயிருந்தார். அதை நான்காகப் பிரித்து நான்கு பேருக்கும் கொடுத்தார். கமலநாயகியின் மா மறுபடி பொங்கியது. அப்பாடா என்று அவள் மூச்சு விட்ட ஞாயிறு, வின்சன்ற் ஒரு பத்திரிகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான்.

"உருத்திரமூர்த்தி அண்ணை, உங்களுக்குத்தானே ஜெர்மன் நல்லாத் தெரியும். இதை ஒருக்கா வாசியுங்கோ."

உருத்திரமூர்த்தி படத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "எனக்குத் தலையிடிக்குது."

"இது அப்பமில்லை அண்ணை, பேப்பர்."

வேறு வழியில்லை. வாசித்தார். கமலநாயகி தூக்கிப் பிடித்திருந்த அட்டையில் 'எங்கள் வைனில் கை வைக்காதே' என்று எழுதியிருந்தது. படத்துக்குக் கீழே, இலங்கையின் அரிசி வைன் நிபுணர் ஃப்ராவ் கமலநாயகியும் கண்ணீரோடு கலந்துகொண்டார் என்று போட்டிருந்தார்கள்.

அவள் போத்தலை ஊற்றிக் கவிழ்த்த ஆண்கள் எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கமலநாயகிக்குத் தப்ப ஒரு வழி இருந்தது. வைனுமில்லை மண்ணுமில்லை, அப்பத்துக்கு ஈஸ்ற் வாங்கப் போனேன் என்று சொன்னால் போதும். மானம் தப்பும். ஆனால் கைராசி போய்விடும், அதோடு ஞாயிறும் போய்விடும். புஷ்பமலர் கண்ணை விரித்துக்கொண்டு முன்னால் இருந்தாள்.

"ஓம்," என்றாள் கமலநாயகி. "வைன் போடுறனான். அதுக்கென்ன இப்ப?"

வின்சன்றின் வாய் திறந்தபடி நின்றது. "அக்கா, அப்ப என்ரை ரெண்டு போத்தல்?"

"அது பியர். இது வேறை."

"ஒரு சொட்டுத் தாங்கோவன், பாப்பம்."

"இன்னும் பதம் வரேல்லை."

அதிலிருந்து அவளுக்கு நிம்மதியில்லை. சனம் குறையவில்லை, முன்னையை விடக் கூடத்தான் வந்தது. ஆனால் அப்பம் தின்கிற ஆண்களின் கண் அலுமாரிக்குக் கீழேயே போனது. "பதம் வந்திட்டுதோ அக்கா?" என்று உபசாரத்துக்குக் கேட்பதுபோலக் கேட்டார்கள். ஒரு சொட்டும் நாக்கில் படாதவள், குடிகாரரைக் கண்டால் சீறுகிறவள், வாயை மூடிக்கொண்டு அப்பம் சுட்டாள்.

இதற்கிடையில் மற்றவர்களின் ஈஸ்ற் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போனது. பல்வைத்தியர் சுத்தம் கருதித் தன்னுடையதைக் கொதிக்க வைத்துவிட்டார். குளூட் குளிரக் கூடாது என்று வெதுவெதுப்பில் வைத்து இறுக்கி மூட, அது வெடித்துக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. ஃப்ராவ் டோர்னமனுடையது வினாகிரி ஆகிவிட்டது. கமலநாயகியிடம் மட்டும் அது உயிரோடு இருந்தது. கடை இருந்தவரை கிழமைக்குக் கிழமை புதிதாக வாங்கியவள், இப்போது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அப்பம் சுடுகிற எவளும் செய்வதுபோல, ஒவ்வொரு தடவையும் பழைய மாவில் ஒரு அகப்பையை மிச்சம் பிடித்துப் புதிய மாவில் கலந்துவந்தாள். சட்டியோடு மேலும் கீழும் ஓடியவளைப் பார்த்த ஃப்ராவ் டோர்னமனுக்கு இது தெரியும்.

வீடு நிறைந்திருந்த ஒரு ஞாயிறு மணி அடித்தது. வாசலில் மூன்று பேரும் நல்ல உடுப்பு உடுத்து, பல்வைத்தியர் கழுத்துப்பட்டி கட்டி, ஆளுக்கொரு வெறும் ஜாம் போத்தலை ஏந்திக்கொண்டு நின்றார்கள். குளூட் தொப்பியைக் கழற்றி நீளமாகப் பேசினார்.

"அண்ணை, என்ன கேக்கினம்?" என்றான் வின்சன்ற்.

உருத்திரமூர்த்தி மனைவியைப் பார்த்தார். தலையிடி, தலையிடி என்று அவள் சத்தமில்லாமல் வாயை அசைத்தாள். மனுசனுக்கு இனி ஏலாது.

"அப்ப மாவிலை கொஞ்சம் கேக்கினம். அதுக்குள்ளை இருக்கிறது வைன் ஈஸ்ற். கமலா அப்பத்துக்குத்தான் அதை வாங்கினவள். வைன் ஒருநாளும் போடேல்லை. எனக்குத் தலையிடியும் ஒருநாளும் வரேல்லை."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப, கைராசி?" என்று கேட்டாள் புஷ்பமலர்.

கமலநாயகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் பல்வைத்தியர் ஜாம் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு அவளால் ஏலவில்லை. அகப்பையை எடுத்து மூன்று பேருக்கும் ஊற்றினாள். திரும்பினால் புஷ்பமலர் தண்ணீர்க் கோப்பையைத் துடைத்து நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள். பெண்களுக்குப் பின்னால் வின்சன்ற்.

"உனக்கெதுக்கடா?"

"எசனிலையும் மனிசர் இருக்கினம் அக்கா."

எல்லோருக்கும் ஊற்றினாள். தனக்கு மட்டும் ஒரு கோப்பை மாவை மெல்ல ஒளித்து வைத்தாள். அதையும் கொடுக்கிற அளவுக்குப் பெருந்தன்மை அவளிடம் இல்லை.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் பெரிய சட்டி நிறைய மா கரைத்தாள். மத்தியானமானது. படிக்கட்டில் ஒரு சப்பாத்தும் இல்லை. உருத்திரமூர்த்தி அப்பம் தின்று, நல்லாயிருக்கு என்றார். இன்னொன்று தின்று, இன்னும் நல்லாயிருக்கு என்றார். ஒரு மனுசன் எவ்வளவுதான் தின்பார்?

"வரமாட்டினம்," என்றாள் அவள். "எனக்குத் தெரியும். இனி வரமாட்டினம்."

சம்பலுக்கு வெங்காயம் வெட்டியபடி தாராளமாக அழுதாள். வெங்காயத்தின் மேல் பழி போடவும் இல்லை. தொங்குரயில் போனது, வந்தது.

அப்போது மணி அடித்தது. வின்சன்ற் அப்பம் சுடுகிற ஒரு தாச்சியைக் கோட்டுக்குள் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அதை எசனிலிருந்து ரயிலில் கொண்டு வந்திருக்கிறான்.

"அக்கா, காலமை தொடக்கம் இழுக்கிறன். சட்டியை விட்டு வருகுதில்லை. என்ன பிழை எண்டு பாருங்கோ."

அவனுக்குப் பின்னால் படிக்கட்டு நிறையச் சனம். எல்லோர் கையிலும் தட்டு, தகரப்பெட்டி, தாச்சி. எல்லாவற்றிலும் அப்பம், அல்லது அப்பம் என்று சொல்லிக்கொண்ட ஏதோ ஒன்று. கடைசியாக ஹெர் குளூட்டும் வந்தார். நுரைத்துக்கொண்டிருந்த அவருடைய செரிச் சாற்றில் தேங்காய்ப்பால் மணந்தது, தான் வேண்டுமென்றே அப்படிச் செய்ததாக அவர் சொன்னார். போத்தலைச் சப்பாத்துகளோடு வெளியே வைக்கச் சொல்லிவிட்டு அவரை உள்ளே விட்டாள்.

கமலநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்தாள். ஒவ்வொன்றாகக் கிள்ளி வாயில் போட்டாள்.

"உப்பில்லை. இது மா தண்ணி. இது அப்பமில்லை, தோசை. வின்சன்ற், இதைத் தூக்கிக் கொண்டுபோய்க் குப்பையிலை போடு, சட்டியோடை போடு."

ஏச ஏச அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. வீடு பழையபடி இரைந்தது.

கடைசியாகப் புஷ்பமலர் தன் பெட்டியைத் திறந்தாள். கரை முறுகியிருந்தது. நடு மெத்தென்று கண் விட்டிருந்தது. கமலநாயகி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, பிழை பிடிக்க வேண்டும் என்று நெடுநேரம் மென்றாள். உப்புச் சரி. புளிப்புச் சரி. ஒரு பிழையும் அகப்படவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு இன்னொருத்தி சுட்ட நல்ல அப்பத்தை அவள் இருந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை.

புஷ்பமலர் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பால் கொஞ்சம் கூடிப்போச்சு," என்றாள் கமலநாயகி. இரண்டாவதையும் எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, "அடுத்த ஞாயிறும் கொண்டு வா, பாப்பம்," என்றாள்.